வாசலில் யார் நிற்கிறார்கள்?

புது வீடு கட்டுபவர்கள் வாசல் கதவுக்கென்று தனியாகவே பணம் ஒதுக்கிவிடுவார்கள். எந்த ஊர் தேக்கு, நடுவில் கஜலட்சுமியா பிள்ளையாரா, பித்தளைக் குமிழ் எத்தனை வரிசை என்று ஆசாரியோடு வாரக்கணக்கில் பேச்சு நடக்கும். நிலை வைக்கும் நாளில் நவதானியம் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் இனிப்பும் கொடுத்தாகிவிடும். ஆனால், பூட்டின் நாக்கு போய் உட்காரும் குழிக்கு மேல் ஒரு சின்னத் தகடு அடிப்பார்களே, அதை எந்த ஸ்க்ரூ போட்டு முடுக்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது.

பெரும்பாலும் பூட்டு டப்பாவுக்குள்ளேயே வந்த குட்டி ஸ்க்ரூவாகத்தான் இருக்கும்.

திருடனுக்குப் பூட்டோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியமே இல்லை. கதவுக்கும் நிலைக்கும் இடையில் ஒரு கம்பியைச் செருகி நெம்பினால் போதும். பூட்டு அப்படியே இருக்கும். அதன் நாக்கைப் பிடித்துக்கொண்டிருந்த மரம்தான் பிளந்துகொண்டு வரும். எவ்வளவு விலை உயர்ந்த பூட்டு வாங்கினாலும் அதன் பலம் அந்தத் தகட்டின் பலம்தான். தகட்டைக் கொஞ்சம் நீளமானதாக வாங்கி, இரண்டரை மூன்று அங்குல ஸ்க்ரூ போட்டு நிலைக்கட்டையின் ஆழம் வரை இறக்கச் சொல்லுங்கள். கீல்களுக்கும் அதே நீள ஸ்க்ரூ. நிலையைச் சுவரோடு பிடித்து வைக்கும் இரும்பு கிளாம்ப் பக்கத்துக்கு மூன்றாவது இருந்து, கான்கிரீட்டுக்குள் நன்றாகப் புதைந்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் இதைப் பூச்சு வேலைக்கு முன்பே நேரில் நின்று பார்த்துவிட வேண்டும். பூசிவிட்டால் அப்புறம் கடவுளுக்குத்தான் தெரியும்.

வாசலைப் பற்றி யோசிக்கும்போது முக்கால்வாசிப் பேருக்கு ஞாபகம் வருவது பூட்டு. அதனால்தான் பூட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியதாயிற்று. ஆனால் ஆள் இல்லாத வீட்டுக்குத்தான் பூட்டு காவல். பகல் முழுக்க வயதான அம்மா தனியாக இருக்கும் வீட்டுக்கு, மணி அடித்தவுடன் அவர் கதவைத் திறந்துவிட்டால், எந்தப் பூட்டு என்ன செய்யும்? வந்திருப்பது யார் என்று பார்த்து, திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க அவருக்கு ஒரு நிமிஷம் வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தை வாசல்தான் கொடுக்க வேண்டும்.

பழைய வீடுகளில் இது தானாகவே கிடைத்தது. தெருவிலிருந்து திண்ணை, திண்ணையிலிருந்து நடை, நடையைத் தாண்டித்தான் முற்றமும் கூடமும். வெயிலில் வந்த வழிப்போக்கர் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம். வீட்டுக்குள் வந்ததாக ஆகாது. உள்ளே இருப்பவர் நடையில் நின்றபடியே அவரைப் பார்க்கலாம், பேசலாம். அதைத் திருடனை மனதில் வைத்து யாரும் கட்டவில்லை. இருந்தாலும், முன்பின் தெரியாதவர் எதுவரை வரலாம் என்பதைச் சொல்லாமலே சொல்லியது அந்த அமைப்பு.

இப்போது அரை கிரவுண்டில், அதாவது 1,200 சதுர அடி மனையில், வீடு எழும்புகிறது. முன்பக்கத்தை கார் எடுத்துக்கொள்கிறது. கேட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் வாசல் கதவு. போதாததற்கு, காலிங் பெல்லைக் கதவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். யாராக இருந்தாலும் கேட்டைத் திறந்து உள்ளே வந்துதான் மணி அடிக்க முடியும் என்றால், கேட் எதற்கு? பெல் இருக்க வேண்டிய இடம் கேட்டின் வெளிப்பக்கத் தூண். ஒயரிங் வேலை நடக்கும்போதே எலெக்ட்ரீஷியனிடம் சொன்னால் கூடுதலாகச் சில மீட்டர் ஒயர்தான் செலவு. மழைக்கு ஒரு மூடி வைத்த சுவிட்ச் போட்டால் போதும். பாதுகாப்புக்காகச் செய்யும் எந்த வேலையிலும் இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் கிடைக்காது.

இடம் இருந்தால் கேட்டுக்கும் கதவுக்கும் நடுவில் சின்ன சிட்-அவுட், அதற்கு ஒரு கிரில் கதவு. ஆறடிக்கு நாலடி கிடைத்தாலும் போதும். மரக்கதவைத் திறந்துவிட்டு, கிரில்லைத் திறக்காமல் முகம் பார்த்துப் பேசலாம். காற்றும் வரும். இந்த இடம்தான் இன்றைய திண்ணை.

தண்ணீர் கேட்டால்?

தண்ணீர் கேன் போடுபவர், சிலிண்டர் போடுபவர், கூரியர், சாப்பாடு டெலிவரி என்று ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானோர் வேலையாக வருபவர்கள், அவசரத்தில் இருப்பவர்கள். அவர்களுக்கிடையில் எப்போதாவது ஒருவர், நகைக்கு பாலீஷ் போட்டுத் தருகிறேன் என்றோ, ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து சரிபார்க்க வந்திருக்கிறேன் என்றோ வருவார். சில சமயம் எதுவும் சொல்லாமல் குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்பார். தண்ணீர் கேட்டவரிடம் இல்லையென்று சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் கிடையாது. பாட்டி சமையலறைக்குத் திரும்புவார். கதவு திறந்தபடி இருக்கும்.

பாட்டியை மாற்றப் பார்ப்பதைவிட கிரில்லை மாற்றுவது சுலபம். இடுப்பு உயரத்தில், ஒரு சொம்பும் ஓரளவு பெரிய பார்சலும் நுழையும் அளவுக்கு, உள்பக்கத்திலிருந்து மட்டும் திறக்கும் சின்னக் கதவு ஒன்றை வெல்டரிடம் சொல்லி வைத்துக்கொள்ளலாம். ஓர் ஆள் நுழைய முடியாத அளவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதன் கீழே ஒரு சின்னப் பலகை. கூரியரில் கையெழுத்துப் போடவும் உதவும். கிரில்லைத் திறக்காமலே தண்ணீர் கொடுக்கலாம். யாரையும் சந்தேகப்பட்டதாகவும் ஆகாது, மனசும் உறுத்தாது.

கதவில் லென்ஸ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறதுதான்; யார் உயரத்தில்? ஆசாரி தன் கண்மட்டத்துக்கு ஐந்தடிக்கு மேல் துளை போட்டுவிட்டுப் போயிருப்பார். நாலே முக்கால் அடி பாட்டி முக்காலி போட்டு ஏறியா பார்ப்பார்? பகலில் வீட்டில் இருப்பவர் யாரோ, அவர் கண்மட்டத்தில்தான் லென்ஸ் இருக்க வேண்டும். உயரமானவர் குனிந்து பார்த்துக்கொள்ளலாம். சக்கர நாற்காலியில் இருப்பவர் இருந்தால் கீழே இன்னொரு லென்ஸ் போடலாம். சாஸ்திரக் குறைவு ஒன்றும் வந்துவிடாது.

வெளிச்சமும் அப்படித்தான். வாசல் விளக்கு வந்தவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் லென்ஸில் கறுப்பு உருவம் மட்டுமே தெரியும். விளக்கு கதவுக்கு மேலே, வருபவர் முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி இருக்க வேண்டும். அதன் சுவிட்ச் கூடத்தில் ஒன்றும் படுக்கையறையில் ஒன்றுமாக இருப்பது நல்லது. நள்ளிரவில் சத்தம் கேட்டால் எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்ப்பதற்குப் பதில், படுத்த இடத்திலிருந்தே வாசலை வெளிச்சமாக்கலாம். ஆள் நடமாட்டத்துக்குத் தானாக எரியும் சென்சார் விளக்கும் நல்லதுதான்; தெருப் பூனைக்கும் எரியும் என்பதைப் பொறுத்துக்கொண்டால்.

காம்பவுண்ட் சுவர் விஷயத்தில் மட்டும் நம் ஊர் நம்பிக்கை தலைகீழாக இருக்கிறது. சுவரை ஏழடிக்கு எழுப்பி, கேட்டுக்கு முழுக்கத் தகடு அடித்து, உள்ளே குரோட்டன்ஸ் செடியை அடர்த்தியாக வளர்த்துவிட்டால் பத்திரம் என்று நினைக்கிறார்கள். உள்ளே குதித்தவனுக்குத்தான் அது பத்திரம். அவன் நிதானமாக அரை மணி நேரம் கதவை நெம்பினாலும் தெருவில் போகிறவர் கண்ணுக்குத் தெரியாது. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடும் அக்காவைப் போல ஒரு காவல் எந்தக் கடையிலும் கிடைக்காது. அவர் கண்ணில் நம் வாசல் படும்படி, தெருப்பக்கச் சுவர் மார்பளவும் கேட் கம்பி இடைவெளி விட்டதாகவும் இருப்பதே நல்லது. பக்கச் சுவரும் பின்சுவரும் வேண்டுமானால் உயரமாக இருக்கட்டும். சுவர் மேல் கண்ணாடிச் சில்லு பதிக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். தடிமனான சாக்கைப் போட்டு ஏறுபவனை அது தடுக்காது. பந்து எடுக்க ஏறும் பிள்ளையின் கையைத்தான் கிழிக்கும்.

கேட் செய்யும்போது வெல்டரிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு. பல கேட்டுகளை அப்படியே மேலே தூக்கினால் கீலிலிருந்து கழன்று வந்துவிடும். மேல் கீலுக்கு மேலே ஒரு துண்டு இரும்பை வெல்டு வைத்துவிட்டால் தூக்க முடியாது. கிரில் கதவில் பூட்டும் தாழ்ப்பாளும் இருக்கும் இடத்தைச் சுற்றி, கை எட்டும் தூரத்துக்குத் தகடு அடிக்க வேண்டும். இல்லையென்றால் கம்பிக்குள் கைவிட்டு உள்தாழ்ப்பாளை எடுத்துவிடலாம். வாசல் கதவுக்குப் பக்கவாட்டில் அழகுக்காக வைக்கும் கண்ணாடிக்கும் ஜன்னலுக்கும் இதே கணக்குதான். ஜன்னல் வழியாக ஒரு கம்போ கையோ போனால் தாழ்ப்பாள் எட்டுமா, சாவி மாட்டும் ஸ்டாண்டு எட்டுமா என்று வெளியே நின்று நீங்களே ஒருமுறை கையை விட்டுப் பார்த்துவிடுங்கள்.

தொங்கு பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. லீவர் பூட்டுக்குப் பேர்போன ஊர் திண்டுக்கல். அந்தப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பூட்டு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதைத் தொங்கவிடும் கொண்டி தகரம்போல மெல்லியதாக இருந்தால், வெட்டுகிறவன் பூட்டை விட்டுவிட்டுக் கொண்டியை வெட்டுவான். அதோடு, கதவில் வெளியே தொங்கும் பூட்டு, வீட்டில் ஆள் இல்லை என்று தெருவுக்கே அறிவிப்புப் பலகை. கதவுக்குள்ளேயே பதித்த மார்ட்டிஸ் லாக் என்றால் உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று வெளியே தெரியாது. கேட்டுக்குப் பூட்டுத் தேவைப்பட்டால் கை விடுவதற்கு ஓட்டை வைத்து உள்பக்கமாகப் பூட்டலாம்.

மார்ட்டிஸ் லாக் வந்த பிறகும் பழக்கதோஷத்தில் கதவின் வெளிப்பக்கம் ஒரு ஆல்ட்ராப்பையும் மாட்டிவைப்பது உண்டு. அதைக் கழற்றிவிடுவதே மேல். ஒரு வீட்டில் திருடும்போது பக்கத்து வீட்டுக் கதவுகளை வெளியே தாழ் போட்டுவிடுவது பழைய தந்திரம். சத்தம் கேட்டு எழுந்தவர் வெளியே வர முடியாமல் உள்ளேயே நிற்க வேண்டியதுதான்.

உள்ளே மாட்டிக்கொண்டால்?

வாசல் பாதுகாப்பு என்று பேசும் பலரும் திருடனோடு நிறுத்திவிடுகிறார்கள். கதவுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: வெளியே விடுவது.

இரவில் மரக்கதவுக்கு டவர் போல்ட், கிரில்லுக்குப் பூட்டு, கேட்டுக்குப் பூட்டு என்று மூன்று அடுக்கு. சாவிக்கொத்து பீரோவுக்குள். நடு ராத்திரி சமையலறையில் கேஸ் கசிந்தாலோ, ஃபிரிட்ஜ் பின்னாலிருந்து புகை வந்தாலோ என்ன ஆகும்? கரன்ட் இருக்காது. புகையில் பீரோவைத் தேடி, கொத்தில் சரியான சாவியைத் தேடி, பூட்டைத் தேட வேண்டும். கேஸ் வாடை அடிக்கும்போது சுவிட்சைப் போடவும் கூடாது, நெருப்பு கிழிக்கவும் கூடாது என்பதால் இருட்டிலேதான் எல்லாம். உள்பக்கம் சாவி இல்லாமல் குமிழைத் திருகித் திறக்கும் பூட்டு இதற்காகத்தான் இருக்கிறது. கிரில்லுக்குப் பூட்டுத்தான் என்றால், அதன் சாவிக்கு இரவில் ஒரே ஓர் ஆணி. ஜன்னலிலிருந்து எட்டாத இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு கைநீட்டினால் கிடைக்கும்படி. வீட்டில் உள்ள எட்டு வயதுப் பிள்ளைக்கும் அந்த ஆணி தெரிந்திருக்க வேண்டும். படுக்கையறை ஜன்னல்களில் ஒன்றுக்காவது உள்ளிருந்து திறக்கும் கிரில் வைப்பது கூடுதல் தைரியம்.

இன்னொன்று, பேசுவதற்கே சங்கடமான விஷயம். வெளியூரிலோ வெளிநாட்டிலோ பிள்ளைகள் இருக்க, தனியாக வசிக்கும் பெரியவர் பாத்ரூமில் வழுக்கி விழுகிறார். செல்போன் கூடத்தில். பக்கத்து வீட்டில் மாற்றுச் சாவி இருக்கிறது. ஆனால் அவர் வழக்கம்போல உள்ளே மேலும் கீழும் டவர் போல்ட் போட்டிருக்கிறார். சாவி திரும்புகிறது, கதவு திறக்கவில்லை. தனியாக இருப்பவர் வீட்டில், வெளியிலிருந்து சாவியால் திறக்க முடிகிற நல்ல பூட்டு ஒன்று இருந்தால், போல்ட் போடாமல் தூங்குவதுதான் சரியான பாதுகாப்பு. கேட்கப் பயமாகத்தான் இருக்கும். திருடன் வராமலே போகலாம். கால் வழுக்குவது அப்படியல்ல. கதவு அசையாமல் இருக்க வேண்டும் என்று மனசு கேட்டால், நீளமான ஸ்க்ரூவும் கனமான தகடும் அந்த வேலையைச் செய்யட்டும்.

இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் நைட் லாட்ச் வைத்திருப்பவர்களுக்கு வேறு தலைவலி. குப்பை கொட்ட அம்மா வெளியே வருவார், காற்றில் கதவு சாத்திக்கொள்ளும், உள்ளே இரண்டு வயதுக் குழந்தையும் அடுப்பில் பாலும். அதற்கும் மருந்து பக்கத்து வீட்டு மாற்றுச் சாவிதான். மிதியடிக்குக் கீழேயும், செருப்பு ஸ்டாண்டிலும், மீட்டர் பெட்டியிலும், துளசி மாடத்திலும் சாவி வைப்பது நமக்கு ரகசியம். திருடனுக்கு முதலில் தேடும் இடங்களின் பட்டியல்.

ஃபிளாட்டில் இருப்பவர்களுக்குக் கேட்டும் சிட்-அவுட்டும் கிடையாது, கதவுதான் எல்லாமே. மரக்கதவுக்கு முன் ஒரு கிரில் கதவு போடலாம். அது பொது நடைபாதைப் பக்கம் திறந்து வழியை அடைக்கக் கூடாது. நெருப்பு என்றால் எல்லோரும் ஓடும் வழி அது. அசோசியேஷனில் கேட்டுவிட்டுச் செய்தால் பின்னால் சண்டை இல்லை.

கைரேகை பூட்டு இப்போது பலருக்கும் ஆசை. சாவியைத் தொலைக்கும் வீட்டுக்கு அது வரம்தான். ஆனால் பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை மங்கிய விரலை அது பல சமயம் மதிக்காது. வாங்கும் முன் வீட்டின் மூத்தவரைக் கடைக்கே கூட்டிப்போய் விரல் வைக்கச் சொல்லிப் பாருங்கள். அவசரத்துக்குச் சாதாரணச் சாவியும் போடக்கூடிய மாடலாகவே வாங்குங்கள். அது பேட்டரியில் ஓடுவது. பேட்டரி தீரப்போகிறது என்று அது கத்தும்போது, ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடாத ஒருவர் வீட்டில் வேண்டும்.

கேமரா வைப்பவர்கள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டிவிட்டால், பதிவாவது வருபவரின் தலைமுடி. கேட்டுப் பக்கம் ஒரு கேமரா ஏழெட்டு அடி உயரத்தில், முகம் விழுகிற கோணத்தில் இருக்க வேண்டும். பதிவு செய்யும் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் போகிறவன் அதையும் எடுத்துக்கொண்டு போவான்; பரண் மேல் வைக்கலாம். இன்வெர்ட்டர் இணைப்பு அவசியம். எதிர்வீட்டு வாசலைப் பார்த்துக் கேமராவைத் திருப்பி வைப்பது அநாகரிகம். துணி காயப்போடும் அக்காவின் நட்பும் போய்விடும்.

ஊருக்குப் போகும்போது பாலையும் பேப்பரையும் நிறுத்தச் சொல்லும் பலருக்குக் கோலம் ஞாபகம் வருவதில்லை. தினம் கோலம் விழுந்த வாசல் நாலு நாள் வெறுமையாகக் கிடந்தால் தெருவில் போகிற யாருக்கும் புரியும். வேலைக்கு வரும் அம்மாவிடம் சொல்லி வாசல் தெளிக்கச் சொல்லலாம். உள்ளூர் காவல் நிலையத்தில் வீடு பூட்டியிருக்கும் தேதிகளைத் தெரிவித்துவிட்டுப் போகும்படி காவல்துறையும் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. போவதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை. கொடைக்கானல் போட்டோவை ஸ்டேட்டஸில் போடுவதைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

புதிதாகக் குடிபோகிறவர்களுக்கு மட்டும் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. வாசல் கதவு மாட்டிய நாளிலிருந்து கிரகப்பிரவேசம் வரை அந்தச் சாவி டைல்ஸ் போட்டவர், பெயின்ட் அடித்தவர், எலெக்ட்ரீஷியன், மேஸ்திரி, வாட்ச்மேன் என்று எத்தனையோ கைகளில் இருந்திருக்கும். யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. எத்தனை நகல் எடுக்கப்பட்டது என்று யாருக்கும் கணக்கில்லை, அவ்வளவே. மார்ட்டிஸ் லாக்கில் முழுப் பூட்டையும் மாற்ற வேண்டாம்; நடுவில் இருக்கும் சிலிண்டரை மட்டும் கழற்றிப் புதியது போட்டால் பழைய சாவிகள் எல்லாம் செல்லாமல் போகும். பால் காய்ச்சுவதற்கு முந்தைய நாள் சாயங்காலம், வாழைமரம் கட்ட வருகிறவர்களுக்கு முன்னால், இந்த வேலையை முடித்துவிடலாம். வாடகை வீட்டுக்குப் போகிறவர்களும் வீட்டுக்காரரிடம் கேட்டு இதைச் செய்துகொள்ளலாம். காலி செய்யும்போது பழைய சிலிண்டரையே திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டு, புதியதைக் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம்.